நிமிர்ந்த மரம்

படகு நாலரைக்கு வரும் என்று சொன்னால் நாலரைக்கு வராது, நாலே காலுக்கே வந்து நிற்கும், இல்லாவிட்டால் ஐந்து ஆகும், எப்படிப் பார்த்தாலும் இன்னும் அரை மணி நேரமாவது இருக்கிறது என்று நீலகண்டன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பித்தளைத் தகட்டை மூன்றாவது தடவையாகத் துடைத்தான். முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டை, கட்டையின் தலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தகடு, தகட்டில் நாச்சிமுத்து, சுலோச்சனா என்று இரண்டு பெயர், கீழே ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி. இந்த உப்புக் காற்றில் பித்தளை ஒரு வாரம் தாங்காது, கறுத்துவிடும். சமையலறையில் வாங்கி வந்த எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்ததில் விரல் இடுக்கில் இருந்த வெட்டுக் காயம் எரிந்தது. எரியட்டும். கட்டைக்குப் பின்னால் தென்னை நின்றது. நூல் பிடித்து நட்ட மாதிரி நேராக, ஒரு கோணலும் இல்லாமல். அந்த நேரைப் பார்க்கத்தான் அவனுக்குப் பயமாக இருந்தது. மாலத்தீவில் இருக்கும் இந்தச் சின்னத் தீவுக்குக் கல்யாணம் செய்துகொள்ள வருகிற ஒவ்வொரு ஜோடியும் ஒரு தென்னங்கன்று நட்டுவிட்டுத்தான் போகும். அது இந்த ரிசார்ட் வைத்திருக்கிற வழக்கம். மோதிரம் மாற்றி, பவளத்திட்டுக்குள் அடங்கிய லகூனின் நீலத் தண்ணீரில் கணுக்கால் நனைய நின்று படம் எடுத்து, கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கன்றைக் குழியில் இறக்குவார்கள். பிறகு அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், கன்று இங்கே இருக்கும். வருடா வருடம் கல்யாண நாளன்று அந்த மரத்தைப் படம் எடுத்து, கூட நாலு வரி எழுதி மெயிலில் அனுப்புவது நீலகண்டனின் வேலை. அவனுக்கு முன்னால் இருந்தவன் எல்லோருக்கும் ஒரே நாலு வரியை அனுப்பினான். இவன் அப்படிச் செய்யவில்லை. எந்த மரத்தில் எந்தப் பக்கம் புதுக் குருத்து விட்டது, எதில் குருவி வந்து உட்கார்ந்தது என்று பார்த்துப் பார்த்துத் தனித்தனியாக எழுதினான். பொறுப்பான பையன் என்று பெயர் வாங்கியிருந்தான். அந்தப் பொறுப்பான பையனுக்குத்தான் தெரியும், இந்தத் தகட்டில் இருப்பவர்கள் நட்ட மரம் இது இல்லை என்று. படகில் வந்துகொண்டிருக்கும் சுலோச்சனா அம்மாளிடம் அதைச் சொல்வதா, வேண்டாமா. காலையில் பல் தேய்க்கும்போது சொல்லிவிடலாம் என்று இருந்தது. சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போது வேண்டாம் என்று இருந்தது.

சொல்லாவிட்டால் யாருக்கு என்ன போயிற்று என்று யோசித்தால் யாருக்கும் ஒன்றும் போகவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தால் கை தானாகத் தகட்டை மறுபடி தேய்க்கப் போனது. மூன்று வருடத்துக்கு முன்னால், அவன் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், மழையும் இல்லாமல் காற்றும் இல்லாமல் ஒரு நண்பகலில் கடல் ஏறி வந்தது. எங்கேயோ தொலைவில் அடித்த புயலின் அலை என்றார்கள். மேற்குப் பக்கம் முழுக்க ஒரு பகலும் ஒரு இரவும் உப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கத்து மரங்களின் அடி மட்டைகள் பழுக்க ஆரம்பித்தன. பிறகு நடு மட்டைகள். பிறகு குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்தது. பதினொரு மரங்கள். தோட்டத்துக்குப் பொறுப்பாளர் ஜோபி, ஆலப்புழைக்காரர், பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, "நீலா, பதினொண்ணு கட்டையும் பிடுங்கி கிழக்கே கொண்டு போய் நடு. அதே உயரத்து மரம் பாத்து நடணும், கேட்டோ" என்றார். "சார், அவங்களுக்கு எழுத வேணாமா? மரம் செத்துப்போச்சுன்னு?" என்று இவன் கேட்டதற்கு ஜோபி உண்மையிலேயே சந்தோஷமாகச் சிரித்தார். "எடா, மரத்துக்குப் பேரு உண்டோ? கட்டைக்கு அல்லே பேரு. கட்டை சாகல்லை." மணலில் கட்டை ஒரு இழுப்புக்கு வந்துவிட்டது. அவ்வளவு லேசாக வந்ததுதான் இன்றைக்கும் கையில் நிற்கிறது. கொஞ்சம் மல்லுக்கு நின்றிருந்தால் அவன் யோசித்திருப்பானோ என்னவோ. எந்தக் கட்டை எங்கேயிருந்து எங்கே போனது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தான். யார் கேட்கப்போகிறார்கள் என்று தெரியாது, ஆனாலும் எழுதி வைத்தான், அந்த நோட்டு இன்னும் பெட்டியின் அடியில் துணிகளுக்குக் கீழே இருக்கிறது. அதில் ஏழாவது வரி இந்த மரம். இந்த மரத்துக்கு முன்பு வேறு இரண்டு பேரின் தகடு இருந்தது. லூகாஸ், ஹன்னா. ஒரே வாரத்தில் இரண்டு பேரும் தனித்தனியாக எழுதியிருந்தார்கள், நாங்கள் பிரிந்துவிட்டோம், எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள் என்று. எடுத்தாயிற்று. பெயர் இல்லாமல் சும்மா நின்ற மரத்துக்கு, மரம் இல்லாமல் கிடந்த பெயர் பொருத்தமாக அமைந்துவிட்டது. பிரிந்தவர்களின் மரம். அதை மட்டுமாவது நினைக்காமல் இருக்கலாம் என்று பார்த்தால், நாக்கு கூசும் பல்லையே தேடிப் போவது போல மனம் அங்கேதான் போய் நின்றது.

மற்ற பத்து ஜோடியும் எங்கெங்கேயோ தூர தேசத்துக்காரர்கள், அவர்களின் முகம்கூட இவனுக்குத் தெரியாது. இவர்கள் ஆனைமலைப் பக்கம். தென்னைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள். நாச்சிமுத்து ஐயா கயிறு திரிக்கும் மில் வைத்திருந்தவர், அம்மா அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஐம்பத்து நாலு வயதில் ஐயாவும் நாற்பத்தாறு வயதில் அம்மாவுமாகக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஊரில் செய்தால் ஒருத்தரும் வர மாட்டார்கள், வந்தாலும் சிரிக்கத்தான் வருவார்கள் என்று இவ்வளவு தூரம் வந்தார்களாம். இதெல்லாம் அந்த ஐயாவே எழுதியது. இவன் அனுப்பிய முதல் படத்துக்கு ஒரு பக்கத்துக்குப் பதில் வந்திருந்தது, அதுவும் தமிழில். 'தம்பி, பேரைப் பார்த்ததும் நம்ம பையன் என்று தெரிந்தது. எங்களுக்கு மேளம் இல்லை, சீர் இல்லை, மாமன் மச்சான் இல்லை, முகூர்த்தக்காலும் நடவில்லை. அந்தத் தென்னங்கன்றுதான் முகூர்த்தக்கால். பார்த்துக்கொள்ளுங்கள்.' படித்தபோது நீலகண்டனுக்குக் காது மடல் சுட்டது. அப்போதே எழுதியிருக்க வேண்டும், ஐயா, உங்கள் மரம் மூன்று மாதத்துக்கு முன்னால் செத்துப்போய்விட்டது என்று. எழுதவும் செய்தான். எழுதி, படித்து, அழித்தான். அதற்குப் பதிலாக, நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் ஐயா என்று எழுதினான். பார்த்துக்கொண்டும்தான் இருக்கிறான், ஆனால் எதை. அடுத்த வருடமும் தகடும் இரண்டு ஓலையும் மட்டும் தெரிகிற மாதிரி நெருங்கி நின்று படம் எடுத்தான். அதில் கவனமாக இருந்தான். போன வருடம்தான் கவனம் தப்பியது. மரத்தில் முதல் பாளை வெடித்திருந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில், ஐயா சந்தோஷப்படுவாரே என்ற நினைப்பில், பின்னால் பின்னால் நகர்ந்து மரத்தை அடி முதல் உச்சி வரை எடுத்து அனுப்பிவிட்டான். மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள் ஒரே ஒரு வரி. 'தம்பி, மரம் நிமிந்திருச்சு போல. சந்தோசம்.' அவ்வளவுதான். நிமிந்திருச்சு என்றால் என்ன அர்த்தம் என்று போய்ப் பழைய படங்களைத் தேடி எடுத்துப் பார்த்தான். ஏழு வருடத்துக்கு முந்தைய படம். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு உயரமான மனிதர், பட்டுப்புடவையில் மண்வெட்டியோடு சிரிக்கிற ஒரு பெண், நடுவே கடலைப் பார்த்து நன்றாகச் சாய்ந்து நிற்கிற ஒரு கன்று. அந்த வரி வந்து பதினாறு நாளில் அவர் போய்விட்டார் என்று பின்னால் தெரிந்தது. அப்படியானால் அவருக்குத் தெரிந்துதான் எழுதினாரா. கயிறு மில்காரருக்குத் தெரியாமலா இருக்கும். தெரிந்திருந்தால் ஏன் திட்டவில்லை. தெரியாவிட்டால் ஏன் நிமிர்ந்ததைப் பற்றி எழுதினார். ஒரு வருடமாக அந்த ஒரு வரியைச் சுற்றிச் சுற்றி வந்து அவன் தேய்ந்துபோயிருந்தான்.

மேற்குப் பக்கம் யாரோ மேளத்தைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. இன்றைக்கு ஐந்தரைக்கு ஒரு கல்யாணம் இருக்கிறது. செத்த மரங்கள் நின்ற இடத்தில்தான் இப்போது பலகை மேடை போட்டிருக்கிறார்கள், சூரியன் இறங்குவது அங்கேயிருந்து அழகாகத் தெரியும் என்று எல்லாக் கல்யாணமும் அங்கேதான். வெள்ளைத் துணியும் பூவும் சுற்றிய வளைவை நாலு பேர் தூக்கி நிறுத்துவது இங்கேயிருந்தே தெரிந்தது. அது முடிந்ததும் அந்த ஜோடி கன்று நட வேண்டும், குழி வெட்டியாயிற்று, பூவாளியில் தண்ணீர் பிடித்தாயிற்று. நேற்று வீடியோவில் அப்பா பேசினார். பேராவூரணிப் பக்கம் தோப்புத் தோப்பாக ஏறிக் காய் பறிக்கிறவர். இவன் இந்த மரத்தடியில்தான் நின்று பேசிக்கொண்டிருந்தான். அப்பா பேச்சை விட்டுவிட்டுத் திரைக்குள் எட்டிப் பார்ப்பவர் போலக் கண்ணை இடுக்கி, "ஏன்டா, அந்த மரத்துக்கு ஒம்பது வயசுக்குக் கொறையாதே. யாரு நட்டது?" என்றார். மட்டை விழுந்த தழும்பை வைத்துச் சொல்லிவிடுவார். ஏழு வயது மரம் என்று தகடு சொல்கிறது. ஏதோ ஒரு மரம்ப்பா என்று சொல்லிவிட்டு நாலு எட்டு நகர்ந்து நின்றான். இவனை ஒரு நாளும் மரத்தில் ஏறவிட்டதில்லை அப்பா. அண்ணாந்துகூடப் பார்க்காதே, கண்ணில் தூசி விழும், போய்ப் படி என்பார். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் ஹோட்டல் படிப்புப் படித்து, கடல் தாண்டி வந்து, தென்னைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான். அம்மா அக்கம்பக்கத்தில் மேனேஜர் என்று சொல்லி வைத்திருக்கிறாள். சட்டையில் குத்தியிருக்கும் பெயர் வில்லையில் நீல் என்று மட்டும் இருக்கிறது, முழுப் பெயர் விருந்தாளிகள் வாயில் நுழையாதாம். சொன்னால் அந்த அம்மாள் கோபப்படுவார், வரவேற்பறையில் போய்ச் சத்தம் போடுவார், அடுத்த படகில் இவனை ஏற்றிவிடுவார்கள். ஊருக்குப் போய் என்னவென்று சொல்வது. மரத்தை மாற்றி வைத்தேன் என்றா. அப்பாவுக்கு அது புரிந்துவிடும் என்பதுதான் எல்லாவற்றையும்விட மோசம். ஆனால் அந்த அம்மாள் சும்மா மரத்தைப் பார்த்துவிட்டுப் போக வரவில்லையே. ஐயாவுக்கு முதல் வருடத் திதி வருகிறதாம், அவர் நட்ட மரத்தின் முதல் காயை எடுத்துப்போய்ச் சாமி முன்னால் உடைக்க வேண்டுமாம், போன மாதம் எழுதியிருந்தார். விருந்தாளிகள் தலையில் விழுந்துவிடும் என்று இந்தத் தீவில் எந்தக் காயையும் முற்றவிட மாட்டார்கள், பிஞ்சிலேயே வெட்டிவிடுவார்கள். இவன்தான் அந்தக் குலைக்கு மட்டும் கயிற்று வலை கட்டி, ஜோபியிடம் கெஞ்சி, ஒரு வருடம் காத்து வைத்திருந்தான். யாருக்கு எதைக் காத்து வைத்தான். நிமிர்ந்து பார்த்தான். நாலு காய்கள், மண் நிறத்துக்குத் திரும்பி, வலைக்குள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தொங்கின. இடுப்பில் இருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. "நீலா, அம்மா எத்தி, வந்தாச்சு. ரூமுக்குப் போகல்லயாம். மரம் காணணும்னு நிக்கறாங்க. நான் கொண்டு வரேன்." மணி நாலு பத்துதான் ஆகியிருந்தது.

பேட்டரி வண்டியிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் படத்தில் மண்வெட்டியோடு சிரித்த பெண்ணைத் தேடினான், கிடைக்கவில்லை. ஒல்லியாக, வெளிர் நிறப் பருத்திப் புடவையில், காலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற மாதிரி வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு நின்றார். "ஏனுங் தம்பி, நீங்கதானுங்களா நீலகண்டன்?" என்றார். "ஆமா மேடம்." "மேடமா? பள்ளிக்கூடத்துல கேட்டுக் கேட்டுப் புளிச்சுப்போச்சு, இங்கயுமா? இவ்வளவு சின்னப் பையனா இருப்பீங்கன்னு நெனைக்கவே இல்லீங்க. உங்க எழுத்தைப் பாத்துட்டு அவரு உங்களுக்கு நாப்பது வயசுன்னு சொல்லிட்டிருந்தாரு. கல்யாணம் ஆனவராத்தான் இருக்கோணும், இல்லாட்டி இவ்வளவு பொறுமை வராதுன்னு." ஜோபி வண்டியைத் திருப்பிக்கொண்டே அவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார், உன் கட்டையைப் பார்த்துக்கொள் என்கிற மாதிரி. அம்மாள் தகட்டின் பக்கம் குனிந்து இரண்டு பெயரையும் விரலால் தடவினார். "அன்னைக்குக் கன்னு கோணலாப் போச்சு. நேரா வைய்யுங்கன்னு கத்தறேன், அவரு, 'உன்ற மாதிரியே ஒரு பக்கமா நிக்குது, இருக்கட்டும், கடலைப் பாத்துட்டு நிக்கட்டும்'னாரு. மண்ணைக்கூட மிதிக்க விடலைங்க." இப்போது சொல்லலாம். கோணல் என்று அவரே ஆரம்பித்துவிட்டார், இப்போது சொல்லலாம். வாயைத் திறந்தான். அதற்குள் அவர் பையைக் கட்டையின் மேல் வைத்துவிட்டு, ஷூவைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு மரத்தடிக்குப் போய், உள்ளங்கையை மரத்தில் பதித்து, நெற்றியைக் கைமேல் வைத்துக்கொண்டு, வேறு யாருக்கும் கேட்கக் கூடாத குரலில், "வந்துட்டனுங்க" என்றார். இவனுக்குக் கேட்டது. லூகாஸும் ஹன்னாவும் என்று மனம் சொன்னது. "அம்மா" என்றான். அவர் திரும்பவில்லை. "அம்மா, இது உங்க மரம் இல்லை."

சொல்லி முடித்ததும் ஒரு லேசான ஆசுவாசம் வந்ததே, அதை அவன் பின்னால் பல தடவை நினைத்துப் பார்க்கப்போகிறான். தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி, மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. கடல் ஏறி வந்தது, மட்டை பழுத்தது, கட்டையைப் பிடுங்கியது எல்லாவற்றையும் நிறுத்தாமல் சொன்னான். தவறு என்னுடையதுதான் என்றான். நீங்கள் என்ன செய்தாலும் சரி என்றான். அவர் மரத்திலிருந்து கையை எடுத்தார், பட்டென்று எடுக்கவில்லை, ஒவ்வொரு விரலாக எடுத்தார். கோபம் வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. வகுப்பில் கணக்குக்கு விடை கேட்பவர் போல, "எப்ப?" என்றார். "மூணு வருசம் ஆச்சும்மா." "அப்ப போன வருசம் பாளை வந்துருக்குன்னு அனுப்புன படம்?" "இந்த மரம்தான்." "நல்லாத் தெரியுமுங்களா?" "நோட்டுல எழுதி வெச்சிருக்கேம்மா." அவர் அந்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்தார். பிறகு அவனைப் பார்க்காமல், தன் ஷூவைப் பார்த்துப் பேசினார். "அந்தப் படம் வந்தப்ப ஆஸ்பத்திரியில இருந்தோம். போனை வாங்கிப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தாரு. 'சுலோ, இது நம்முளுது இல்ல. நம்முளுது சாஞ்சில்ல நிக்கும்'னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா? உங்களுக்கு மருந்து மயக்கம், நேத்து என்ற தங்கச்சியவே அடையாளம் தெரியல உங்களுக்கு, மரத்தைத் தெரியப்போகுதாக்கும்னேன். சிரிச்சுட்டேதான் சொன்னேன். மூணு நாளாத் திரும்பத் திரும்ப அதையே கேட்டாரு. மூணு நாளும் அதையே சொன்னேன், கன்னு வளந்தா மரம் நிமுரும், உங்களுக்குத்தான் ஞாபகம் பெசகிப்போச்சுன்னு. நாலாம் நாளு, 'சரி, அப்ப நெசமாவே எனக்குப் புத்தி தடுமாறிருச்சு போல'ன்னாரு. உங்களுக்குப் பதில் எழுதுனது அன்னைக்குத்தானுங்க." நிறுத்தினார். நீலகண்டன் காலடியில் ஒரு துறவி நண்டு சங்கைத் தூக்கிக்கொண்டு ஷூவின் மேல் ஏறப் பார்த்து விழுந்தது. "அதுக்கப்புறம் யாரையும் பேரு சொல்லிக் கூப்பிடலைங்க. தப்பாச் சொல்லிருவனோன்னு பயம். நர்ஸு வந்தா சும்மா சிரிப்பாரு. அவரு அக்காவைக் கூட்டியாந்து நிறுத்துனேன், யாருன்னு தெரியுதான்னு கேட்டேன், கையெடுத்துக் கும்பிட்டாரு. என்ற பேரையும்… பதினாறு நாளுங்க. கூப்பிடவே இல்ல."

அவன் என்ன செய்திருக்க வேண்டும். கீழே உட்கார்ந்திருக்க வேண்டுமா, மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டுமா, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு பூவாளியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தான். நிமிந்திருச்சு போல. ஒரு வருடமாக அவன் சுற்றிச் சுற்றி வந்த வரிக்குள் இதுதான் இருந்தது. அவருக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்ததைத் தெரியாதென்று அவரை நம்ப வைத்திருக்கிறார்கள், நம்ப வைத்ததற்கு இவன் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறான். "அப்ப அவருக்குப் புத்தி சரியாத்தான் இருந்திருக்குது" என்றார் அம்மாள். "ஆமாம்மா." "கடைசி வரைக்கும்." அவர் முதன்முறையாக அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்தார். வெயில் கண்ணில் அடித்ததால் புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். "இதை எதுக்குங்க தம்பி எங்கிட்டச் சொன்னீங்க?" திட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வேறு எந்தக் கேள்வி கேட்டிருந்தாலும் அவனிடம் பதில் இருந்தது, ஏன் மாற்றினாய், யார் சொன்னது, முன்பே ஏன் எழுதவில்லை, எல்லாவற்றுக்கும் காலையிலிருந்து பதில் தயார் செய்து வைத்திருந்தான். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னேன் என்று சொல்லலாம். அது உண்மையில்லை. தூக்கம் வரவில்லை, அதனால் சொன்னேன். பூவாளியைக் கீழே வைத்தான். அவர் எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினார். "எங்கீங்க இருந்துச்சு நம்ம மரம்?" மேற்கே கையைக் காட்டினான். வெள்ளை வளைவுக்குக் கீழே யாரோ நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர் அங்கே போவார் என்று நினைத்தான், போகவில்லை. "சரி, இது யாரு நட்டது?" என்று கேட்டார். நோட்டின் ஏழாவது வரி கண்ணுக்குள் வந்து நின்றது, அவன் கையெழுத்திலேயே. "யாரும் இல்லம்மா. சும்மா நின்ன மரம்." நாக்கு ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

"அப்ப வெட்டிக் குடுங்க" என்றார் அவர். "அம்மா?" "காயை வெட்டிக் குடுங்கங்கறேன். திதிக்கு அவரு அக்கா வர்றேன்னு சொல்லியிருக்குதுங்க. எங்க கல்யாணத்துக்கப்புறம் என்ற வாசப்படியை மிதிக்காதவங்க. தம்பி நட்ட மரத்துக் காயை நானும் பாக்கோணும்னாங்க. வெறுங்கையோட போயி, நான் என்னன்னு சொல்லட்டும்? அவரு சரியாத்தான் சொன்னாரு, நான்தான் பைத்தியம்னு சொன்னேன்னா?" காய்க்காகக் கொண்டு வந்து வைத்திருந்த ஏணியைச் சாய்த்து ஏறினான். ஆறே படி. அப்பா ஏறவிடாத மரத்தில் படிப்படியாக ஏறினான், மேலே பார்த்தபோது அப்பா சொன்ன மாதிரியே கண்ணில் தூசி விழுந்தது. வலையை அறுத்து, ஒரு காயை மட்டும் திருகி எடுத்துக்கொண்டு இறங்கினான். அவர் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார், உள்ளே தண்ணீர் குலுங்கியது, பழக்கப்பட்ட கை. துணிப்பைக்குள் வைத்து வாயை முடிச்சுப் போட்டார். பிறகு ஷூவைப் போடக் குனிந்தவர் லேஸைக் கட்டத் தெரியாதவர் போல அதைப் பிடித்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார். "நீங்க எறக்கி வெச்சுட்டீங்க" என்றார் மெல்ல. அவ்வளவுதான் சொன்னார். ஜோபியின் வண்டி வந்ததும் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு, மேற்குப் பக்கம் திரும்பாமலே போனார். புகார் எதுவும் சொல்ல மாட்டார் என்று அவனுக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டால் நன்றாக இருக்குமே என்றுகூட இருந்தது.

ஆறு மணிக்குப் புதுத் தம்பதி வந்தார்கள். மேளக்காரர்கள் பின்னால் ஆடிக்கொண்டே வந்தார்கள், கையில் கேமராவோடு ஒருவன் பின்னாலேயே நடந்து வந்தான். பெண் தன் வெள்ளை உடையின் வாலைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குழியை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். மாப்பிள்ளைக்கு முப்பதுகூட இருக்காது, மூக்கு நுனி வெயிலில் சிவந்திருந்தது. நீலகண்டன் எப்போதும் சொல்கிற நாலு வரியைச் சொன்னான், உங்களோடு சேர்ந்து இந்த மரமும் வளரும் என்று. கன்றை இருவரும் சேர்ந்து இறக்கினார்கள், மண்ணைக் கையால் தள்ளினார்கள், எல்லோரும் கை தட்டினார்கள். மாப்பிள்ளை நிமிர்ந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பாதி விளையாட்டும் பாதி நிஜமுமாகக் கேட்டான், நாங்கள் போன பிறகு இது செத்துப்போய்விடாதே என்று. நீலகண்டன் அவன் கண்ணைப் பார்த்தே, "சாகாது சார்" என்றான். வருடா வருடம் படம் அனுப்புவேன் என்றான். பெண் அவன் சட்டையில் இருந்த பெயரைப் படித்து, நன்றி நீல் என்றாள். அவர்கள் போனார்கள், மேளமும் போனது. வெளிச்சம் லகூனின் மேல் மஞ்சளாகப் படுத்திருந்தது. கன்றைப் பார்த்தான். நட்ட கை பழகாத கை, கன்று கடலைப் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்திருந்தது, ஒரு விரற்கடைதான், வேறு யாருக்கும் தெரியாது. மண்டியிட்டு உட்கார்ந்தான். தண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் சாய்ந்த பக்கத்து மண்ணை அள்ளி அணைத்து, முஷ்டியால் குத்திக் குத்தி இறுக்கினான். எழுந்து தள்ளி நின்று பார்த்தான். பக்கத்தில் நின்ற மற்ற மரங்களைப் பார்த்தான். மறுபடியும் உட்கார்ந்து, எல்லா மரங்களையும் போல அதுவும் நேராகும் வரை குத்தினான்.